தீக்கு நாள் குறித்தவர்கள்

மாரமங்கலம்
6.1.1995

மதிப்புள்ள இன்பமேரி அம்மாவுக்கு,

மாரமங்கலம் கிராம வனக்குழுத் தலைவர் ஐயாக்கண்ணு எழுதிக்கொள்வது. ‘தலைவர்’ என்று நானே போட்டுக்கொள்வதைப் பார்த்து என் வீட்டுக்காரி ஆராயி பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள். நீங்கள் கொடுத்த பட்டம், நான் என்ன செய்ய.

வீட்டில் எல்லோரும் சுகம். என் தம்பி செங்கோடனுக்கு மட்டும் என் மேல் கோபம். அது வருசம் முழுக்க இருப்பதுதான், அதைச் சுகக்கேட்டில் சேர்க்க முடியாது.

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன தெர்மாமீட்டரைக் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன். இந்த வாரத்துத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

மூடுபனி போய்விட்டது அம்மா. தை கடைசி வரைக்கும் மலையை விட்டு அசையாத பனி, இந்த வருசம் மார்கழி பத்துக்கே கிளம்பிவிட்டது. ஐப்பசியில் பேய்மழை பெய்ததில் மேல்சரிவு முழுக்கச் சுக்குநாறிப் புல் ஆள் மறைகிற உயரத்துக்கு நிற்கிறது. அதில் எண்ணெய் இருக்கிறது. பச்சையாக இருக்கும்போதே பற்றும், காய்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சரிவுக்கு அடியில் எங்கள் காப்பி, காப்பிக்கு அடியில் எங்கள் வீடுகள். மேலிருந்து முதல் வீடு செங்கோடனுடையது. காட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இப்போது இருப்பது, நாம் எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு பேப்பர்தான்.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முன்பெல்லாம் பனி விலகிய வாரத்திலேயே காப்பிக்கு மேலே புல்லை ஒரு பட்டையாக நாங்களே எரித்துவிடுவோம். விடியற்காலையில் செருப்பில்லாமல் புல்லுக்குள் நடந்து பார்ப்போம். முழங்கால் வரைக்கும் நனைந்தால் அன்றைக்குத் தீ வைக்கலாம், தீ சொன்ன பேச்சைக் கேட்கும். கணுக்கால் மட்டும் நனைந்தால் வைக்கக் கூடாது, நாள் கடந்துவிட்டது என்று அர்த்தம். அதற்காக வருசம் தவறாமல் எங்கள் மேல் கேஸ். நீங்கள் வந்துதான் ஒரு வழி சொன்னீர்கள். ஊரும் வன இலாகாவும் எஸ்டேட்காரர்களும் கூட்டு. ஊரார் தனியாகத் தீ வைக்கக் கூடாது; நாங்கள் பனியையும் மழையையும் எழுதி அனுப்ப, நீங்கள் அதைப் பார்த்து நாள் சொல்ல, இலாகா எங்களையும் சேர்த்துக்கொண்டு தீத்தடுப்புக் கோடு எரிக்கும். நான்தான் வீடு வீடாகப் போய்ப் பேசி எல்லோரையும் கையெழுத்துப் போட வைத்தேன்.

இப்போது நாள் வந்துவிட்டது. பத்து நாளைக்குள் எரித்தாக வேண்டும். எப்படியாவது அனுமதி வாங்கி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஐயாக்கண்ணு


கோயம்புத்தூர்
13.1.1995

அன்புள்ள ஐயாக்கண்ணு அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும் வாரத் தாளும் கிடைத்தன. உங்களைத் ‘தலைவர்’ என்று கூப்பிட்டுச் சிரிக்கும் ஆராயி அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே இலாகாவின் ஆராய்ச்சி அலுவலகத்தில் நம்புகிறவர்கள் குறைவு. கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்கள் நாற்பது வருசமாக எழுதி வைத்த டைரிகளை எல்லாம் படித்து முடித்துவிட்டேன். மூடுபனி விலகும் நாள், அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் சராசரியாகப் பத்தொன்பது நாள் முன்னால் வந்திருக்கிறது. உலகம் முழுக்கவே சூடு ஏறுகிறது என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதுகிறார்கள். அது உங்கள் புல்லில் தெரிகிறது, இலாகாவின் புத்தகத்தில் மட்டும் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தில், தீத்தடுப்புக் கோடு எரிப்பது பிப்ரவரி 15-க்குப் பிறகு என்று முப்பத்தைந்து வருசத்துக்கு முன்னால் யாரோ எழுதி வைத்தது அப்படியே இருக்கிறது.

இந்த முறை அதை முன்னால் தள்ளச் சொல்லி மேலலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை தயவுசெய்து ஊரில் யாரும் தாமாகத் தீ வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மீறினால் போதும், ‘மலைக்காரர்களோடு கூட்டு வைத்தால் இப்படித்தான்’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். இரண்டு வருச வேலை போய்விடும். மற்ற மலைகளுக்கும் இந்த முறையைக் கொண்டுபோகப் பேச்சு நடக்கிறது. பிப்ரவரியில் வெளி மாநில வன அதிகாரிகள் சிலர் மாரமங்கலத்தை நேரில் பார்க்க வரக்கூடும்.

பொறுத்துக்கொள்ளச் சொல்வது எனக்கு எளிது, உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும்.

அன்புடன்,
இன்பமேரி


மாரமங்கலம்
21.1.1995

மதிப்புள்ள அம்மாவுக்கு,

பொறுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலையைக் கேளுங்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடிகாலை, செங்கோடன் தீப்பெட்டியோடு மேல்சரிவுக்கு ஏறிவிட்டான். அவன் பெண்சாதி பாவாயி ஓடிவந்து சொன்னாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளோடு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். அவன் கால் முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. அதைக் காட்டித்தான் கத்தினான்.

“பாருண்ணா! நல்லாப் பாரு! இன்னைக்கு உட்டா அப்பறம் இல்ல. உன்ற பேப்பரு பனியப் புடிச்சு நிறுத்துமா?”

“கேஸு ஆயிருமடா, ஊரே கையெழுத்துப் போட்டிருக்குது.”

“கையெழுத்துப் போட்டவன் ஊடெல்லாம் கீழ கெடக்குது. என்ற ஊடு மேல நிக்குது. உனக்கென்ன, தலைவரு!”

நான் அவனை அறைந்துவிட்டேன் அம்மா. நாற்பத்தியிரண்டு வயசுக்காரனை, அவன் பெண்சாதி கண்ணெதிரே. தீப்பெட்டியைப் பிடுங்கி ஓடைக்குள் எறிந்தேன். ஓடையில் தண்ணீர் இல்லை, பாறை மேல் விழுந்து கிடந்தது. தைமாசத்தில் அந்த ஓடை வற்றி நான் பார்த்ததில்லை. அவன் இறங்கிப் போய்விட்டான். இனிமேல் தனக்கு அண்ணன் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஆராயி அவன் வீட்டுக்குக் கொடுத்துவிட்ட கரும்பு திரும்பி வந்துவிட்டது.

ரேஞ்சர் கந்தசாமி ஐயாவைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுசன், அதுதான் சங்கடம். “ஏனுங்க ஐயாக்கண்ணு, மேல இருந்து ஒரே ஒரு வரி வரட்டுங்க. நானே வந்து உங்ககூட நிக்கறனுங்க” என்கிறார். அந்த ஒரு வரி எங்கே இருக்கிறது?

நேற்று காட்டுமாடு நான்கு, பட்டப்பகலில் காப்பிக்குள் இறங்கி நின்றன. விரட்டினாலும் போகவில்லை. மேலே என்னவோ அவற்றுக்குப் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
ஐயாக்கண்ணு


கோயம்புத்தூர்
6.2.1995

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்ல செய்தி! உங்கள் கடிதத்தை வைத்தே மேலே மறுபடி எழுதினேன். ஊரில் ஒருவர் பொறுமை இழந்து தீ வைக்கப் போனார், தலைவர் தடுத்தார் என்பதையும் சேர்த்தேன், அவசரம் புரியட்டும் என்று. புரிந்துவிட்டது. பிப்ரவரி 22, புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மேல்சரிவில் தீத்தடுப்புக் கோடு எரிக்கலாம் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். எழுத்தில் ஆணை பின்னால் வரும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இந்தக் கடிதத்தையே அனுமதியாக வைத்துக்கொள்ளுங்கள், நான் பொறுப்பு.

இது புத்தகத்துத் தேதிக்கும் ஒரு வாரம் பின்னால்தானே, இன்னும் முன்னால் நாள் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அன்றைக்குத்தான் வெளி மாநில அதிகாரிகள் எட்டுப் பேர் வருகிறார்கள். ஊரும் இலாகாவும் தோளோடு தோள் நின்று தீ வைப்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் அடுத்த வருசம் நாம் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, அங்கிருந்து உங்கள் ஊருக்கு வேன் வந்து சேர எப்படியும் ஒன்பது ஆகிவிடும். அதனால்தான் அந்த நேரம்.

செங்கோடனை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அன்றைக்கு அவரையும் கூட்டி வாருங்கள். நான் பேசுகிறேன்.

அன்புடன்,
இன்பமேரி


மாரமங்கலம்
16.2.1995

மதிப்புள்ள அம்மாவுக்கு,

ஊர் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பலாப்பழம் இல்லையே என்று ஆராயிக்கு ஒரே கவலை, பிப்ரவரியில் பலாப்பழத்துக்கு அவள் எங்கே போவாள். எனக்குச் சால்வை போடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

இப்போது உள்ளதைச் சொல்கிறேன். இன்று காலை தனியாக மேல்சரிவில் நடந்து பார்த்தேன். கணுக்கால்தான் நனைந்தது. அதுவும் ஆறரை மணிக்கு. ஒன்பது மணிக்குப் பனி எங்கே அம்மா இருக்கும்? நம்ம ஊர் பஸ் மாதிரி லேட்டாக வர அதற்குத் தெரியாதே. புல்லை ஒடித்தால் சத்தம் கேட்கிறது. மத்தியானத்தில் கிழக்கிலிருந்து ஒரு காற்று கிளம்புகிறது, மாசி கடைசியில் வரவேண்டிய காற்று. நேற்று மாலை தெர்மாமீட்டரை மூன்று முறை பார்த்தேன், கெட்டுப்போய்விட்டதோ என்று.

எங்கள் வழக்கப்படி பார்த்தால் இனி இந்த வருசம் தீ வைக்கக் கூடாது. புல்லை ஆள் வைத்து வெட்டி ஒதுக்கி, ராப்பகலாய்க் காவல் இருந்து, மழை வரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் நான் எட்டாங்கிளாஸ். நீங்கள் படித்தவர்கள், நாற்பது வருச டைரியும் உங்களிடம் இருக்கிறது. பட்டையை அகலமாகச் செதுக்கி, ஆள் அதிகமாக நிறுத்தினால் சமாளிக்கலாம் என்று ரேஞ்சர் ஐயா சொல்கிறார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே அந்தப் பேச்சில் நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை.

ஒன்று செய்யுங்கள். வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தை தந்தி அடியுங்கள். வந்தவர்கள் என்ன நினைத்தாலும் சரி, காப்பித்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுகிறேன். தந்தி வராவிட்டால் உங்கள் தேதிப்படி வைத்துவிடுவேன்.

செங்கோடன் வர மாட்டேன் என்கிறான்.

இப்படிக்கு,
ஐயாக்கண்ணு


கோயம்புத்தூர்
19.2.1995

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. ஒரு முழு நாள் யோசித்தேன். தந்திப் படிவத்தை வாங்கி வந்து மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிரப்பவில்லை.

விருந்தினர் எட்டுப் பேரும் வந்து இறங்கிவிட்டார்கள். இப்போது ‘பனி போதாது’ என்று நிறுத்தினால் மேலே சிரிப்பார்கள். அதைவிட, அடுத்த வாரம் இன்னும் காய்ந்திருக்கும், அதற்கடுத்த வாரம் இன்னும். எரிக்காமல் விட்டால் ஏப்ரலில் ஒரு பீடித் துண்டு போதும். எப்படிப் பார்த்தாலும் ஆபத்துதான் என்றால், முப்பது பேர் பச்சைக் கிளையோடும் தண்ணீர் டிரம்மோடும் தயாராக நிற்கும் நாளில் எரிப்பது மேல் என்று எனக்குப் படுகிறது. இது சரியான கணக்கு என்றுதான் நினைக்கிறேன். வேறு ஆசை எதுவும் இந்தக் கணக்கில் கலந்திருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன், பதில் தெளிவாக இல்லை.

எழுத்து ஆணை இன்னும் கைக்கு வரவில்லை. கந்தசாமி சாரிடம் நானே பேசிக்கொள்கிறேன். புதன்கிழமை நான் உங்கள் பக்கத்திலேயே நிற்பேன். பயப்படாமல் இருங்கள்.

அன்புடன்,
இன்பமேரி


கோயம்புத்தூர்
9.3.1995

ஐயாக்கண்ணு அண்ணனுக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்ப வேண்டும்.

பக்கத்தில் நிற்பேன் என்று எழுதியவள், பத்தே முக்காலுக்கெல்லாம் வேனில் இருந்தேன். காற்று திரும்பியதும் யாரோ என் தோளைப் பிடித்து ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். நான் அந்தக் கதவைத் திறக்கவில்லை என்பதும் உண்மை. மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு புகை பெரிதாகிக்கொண்டே வந்தது. விருந்தினர்களில் ஒருவர் இறங்கிப் போட்டோ எடுத்தார்.

செங்கோடன் போய்விட்ட செய்தி மூன்றாம் நாள்தான் கந்தசாமி சார் மூலம் தெரிந்தது. பாவாயி எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு வாயில்லை.

இப்போது விசாரணை நடக்கிறது. நான்கு நாள் எரிந்த காட்டுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். அறிக்கை ஒன்று டைப் செய்து என் மேசைக்கு வந்திருக்கிறது. அதில் உள்ளதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ‘ஏற்கெனவே ஜனவரி மாதத்தில் தீ வைக்க முயன்று தடுக்கப்பட்ட செங்கோடன் என்பவர், 22-ஆம் தேதி அதிகாரிகள் வந்து சேருமுன்பே மேல்சரிவில் தீ வைத்தார். அவர் கையில் தீப்பெட்டி இருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.’ கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

ஜனவரிச் சங்கதி அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

எழுத்து ஆணை வரவே இல்லை. அப்படி ஒன்றைச் சொன்னதாகவே இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. அன்றைக்கு எரிக்கச் சொன்னதற்கு உலகத்தில் உள்ள ஒரே ஆதாரம், பிப்ரவரி ஆறாம் தேதி நான் உங்களுக்கு எழுதிய கடிதம். அதைப் பற்றி நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அறிக்கையில் கையெழுத்தும் போடவில்லை. இரண்டையும் செய்யாமல் எத்தனை நாள் இருக்க முடியும் என்று தெரியவில்லை. அந்தக் கடிதத்தை யாரிடமாவது காட்டினீர்களா? இன்னும் கொஞ்ச நாள் காட்டாமல் இருக்க முடியுமா?

இப்படிக் கேட்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

இன்பமேரி


மாரமங்கலம்
20.3.1995

இன்பமேரி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆராயிக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதை எழுத மாட்டேன்.

வேன் போன பிறகு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். கோட்டைத் தாண்டித் தீ காப்பி மேல் விழுந்தது. சில்வர் ஓக் மரத்தில் ஏறின மிளகுக்கொடி எல்லாம் திரி மாதிரிப் பற்றி எரிந்தது. முப்பது பேரும் பச்சைக் கிளையால் அடித்துப் பார்த்தோம். அது ஈ ஓட்டுகிற வேலை. ரேஞ்சர் ஐயா சட்டை தீய்ந்து கடைசி வரைக்கும் நின்றார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரைக் காலி பண்ணுங்கள் என்று எல்லோரும் கத்தினபோது, செங்கோடன் தன் வீட்டிலிருந்து தீப்பெட்டியோடு வந்தான். ஒரு மாசத்துக்கு மேலாக முகம் கொடுக்காதவன் நேராக என் முன்னால் வந்து நின்றான்.

“அண்ணா, கீழ இருந்து எதிர்த்தீ வெக்கோணும். நீ ஆளுங்களைக் கூட்டிட்டு வாய்க்காலோரம் நில்லு. கீழ எறங்க உடாத.”

“நீயும் வாடா.”

“மேல ஒரு ஆள் இல்லாட்டி வரிசை கோணிப் போயிரும். நீ போ.”

பெரிய தீ வந்து சேருவதற்குள் நடுவில் இருந்ததை எரித்து முடித்த அவனுடைய எதிர்த்தீதான் ஊரைக் காப்பாற்றியது. ஐம்பத்தியேழு வீட்டில் ஒன்று கூட எரியவில்லை, அவன் வீடும்தான். இரண்டு தீக்கும் நடுவில் அவன் மாட்டிக்கொண்டான். சாயங்காலம்தான் எடுத்தோம்.

அவன் கையில் தீப்பெட்டி இருந்தது நிஜம்தான் அம்மா. பார்த்தவர்கள் உண்டு. நானே பார்த்தேன்.

அந்தத் தீப்பெட்டியை வைத்துத்தான் அவனைக் குற்றவாளி ஆக்கப் பார்க்கிறீர்கள். நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தீ வைத்தது என் தம்பி இல்லை, நான்தான், ஒன்பது மணிக்கு, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, எட்டு அதிகாரிகள் கண் முன்னால் வைத்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். “தம்பிக்காவப் பொய் சொல்றீங்க, ஊட்டுக்குப் போங்க” என்றார்கள். அனுமதிக் கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டு இரண்டு வாரமாய்த் தூங்கவில்லை. வெளியே உங்கள் மேல் கோபம். உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன். அன்று விடியற்காலையில் நான் மேல்சரிவில் நடந்தேன் அம்மா. கால் நனையவே இல்லை. கணுக்கால் கூட இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சுண்ணாம்பு அடித்த பள்ளிக்கூடம், வேன், எட்டுப் பேர், சால்வை, இத்தனைக்கும் நடுவில் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. தேதி பேப்பரில் இருக்கிறது, படித்தவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டு குச்சியை உரசினேன். அவனை அறைந்த அதே கைதான்.

போன வாரம் பாவாயி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அழவில்லை. “மாமா, தீ வெக்கச் சொன்னது ஆருங்க?” என்று கேட்டாள். இரண்டு பேர் பெயரையும் சொன்னேன். உங்கள் பெயர், என் பெயர். “அவரு பேரு அதுல இல்லீங்கல்ல? அது போதுங்க” என்று எழுந்து போனாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். அந்த அறிக்கையில் அவன் பேர் இருக்கக் கூடாது.

நீங்கள் எழுதிய பிப்ரவரி ஆறாம் தேதிக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. செங்கோடன் இருந்தால் என்னைப் போல ஒரு மடையன் இந்த மலையில் இல்லை என்பான். வக்கீலிடம் கொடு என்று ரேஞ்சர் ஐயாவே சொன்னார். நான் கொடுத்தால் உங்களைப் பிடித்து இழுத்த மாதிரி ஆகும். நீங்களாகவே எடுத்துக் கொடுக்கிறீர்களா, அடுப்பில் போடுகிறீர்களா என்று பார்க்க வேண்டும் எனக்கு. கூட்டு கூட்டு என்று இரண்டு வருசம் சொன்னோமே, அப்படி ஒன்று இருந்ததா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று. எரிந்தது மேல்சரிவு மட்டும்தான். கொட்டச்சேட்டுப் பக்கச் சரிவு அப்படியே நிற்கிறது, இதைவிடப் பெரிசு, அதற்கடியில் மூன்று ஊர். அடுத்த வருசம் அங்கே யார் கோடு எரிப்பார்கள்? எங்கள் ஆட்கள் இனித் தீப்பெட்டியைத் தொட மாட்டார்கள். உங்கள் ஆட்கள் பிப்ரவரிக்கு முன்னால் எழுந்து வர மாட்டார்கள். நீங்கள் இனிமேலும் அந்த அலுவலகத்தில் இருந்தால், தேதி போடாத ஒரு அனுமதி வாங்கிக் கொடுங்கள். தேதிக்கான இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். புல்லில் நடந்து பார்த்துவிட்டு நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம். நான் நடக்க மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை போய்விட்டது. பாவாயி நடக்கிறேன் என்கிறாள்.

ஐயாக்கண்ணு


கோயம்புத்தூர்
7.12.1995

ஐயாக்கண்ணு அண்ணனுக்கு,

ஏப்ரலில் விசாரணை அதிகாரி முன்னால் அந்தக் கடிதத்தை நான் எடுத்து வைத்தபோது, நீங்கள் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் பாவாயி மட்டும் ஒரு நிமிசம் என் எதிரில் நின்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எழுதலாமா கூடாதா என்று எட்டு மாசம் ஓட்டிவிட்டேன். இப்போது எழுதாமல் இருக்க முடியாது.

செங்கோடன் பெயரை எடுத்துவிட்டு அறிக்கையை முடித்துவிட்டார்கள். அதன் நகலைப் பாவாயிக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், படித்துக் காட்டுங்கள். வழக்கில் இப்போது முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது உங்களுடையது. என்னை இங்கேயே விதைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் தேக்கு விதை மூட்டையை எண்ணுகிறேன். அதில் குறையொன்றும் இல்லை.

போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு கோப்பு எழுதினேன், நீங்கள் கேட்டபடி. தேதி போடாத அனுமதி. கொட்டச்சேட்டுப் பக்கச் சரிவுக்கு, ஊர்க்குழு நாள் பார்த்துச் சொல்ல, இலாகா உடன் நிற்க, என்று. டைரிக் கணக்கு, உங்கள் நோட்டுப் புத்தகங்கள், பிப்ரவரியில் நடந்தது எல்லாவற்றையும் இணைத்தேன். என் தவறையும் மறைக்காமல் எழுதினேன். கோப்பு ஆறு மேசை ஏறி இறங்கி, நேற்று திரும்பி வந்தது. ஒப்புதல் ஆகியிருக்கிறது அண்ணா. எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். காலியாக விட்டிருந்த இடத்தை மட்டும் யாரோ அக்கறையாக, அழகான கையெழுத்தில் நிரப்பியிருக்கிறார்கள். பிப்ரவரி 15.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கிடங்கிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்று காலை கந்தசாமி சாரிடம் போனில் பேசினேன். கார்த்திகை முடியப் போகிறது, இந்த வருசம் மூடுபனி இன்னும் மலைக்கு வரவே இல்லை என்கிறார். நாற்பது வருச டைரியில் அப்படி ஒரு வருசம் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

அவர் அன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறார், யூனிபாரம் இல்லாமல். எந்த அன்றைக்கு என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பாவாயியிடம் சொல்லுங்கள். எந்த நாள் என்று அவரே நடந்து பார்த்துச் சொல்லட்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் யாரும் தீப்பெட்டியைத் தொட வேண்டாம், வெட்டி ஒதுக்கிக் காவல் இருப்போம். வைக்கலாம் என்றால் குச்சியை நான் உரசுகிறேன். ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கிறது, இன்னொன்று வந்தால் அதே நாளில் இரண்டுக்கும் சேர்த்துப் போய் வரலாம். இந்த முறை வேன் கிடையாது, பஸ்ஸில்தான் வருவேன். ஒரு வரி எழுதிப் போடுங்கள், முந்தின நாளே வந்துவிடுகிறேன்.

இன்பமேரி